வயிறு குளிரும்

அந்தா, அந்தப் போர்டப் பாத்தீங்களா சார்? போயிருச்சு. பரவால்ல, கொஞ்ச தூரத்துல இன்னொண்ணு வரும், பெட்ரோல் பங்க்குக்கு எதுத்தாப்ல. மஞ்சச் சேலை கட்டுன பொண்ணு ஒண்ணு, சோடா பாட்டில மடியில ஏந்திக்கிட்டு, குனிஞ்சு பாத்துச் சிரிக்கும். வெண்மதி பன்னீர் சோடா. 'வயிறு குளிரும்'னு கீழ எழுதியிருக்கும். பாத்திருப்பீங்க. மதுரையில இருந்து நாகர்கோவில் வரைக்கும் வச்சிருக்காங்க, வெயில்காலம் முடிஞ்சும் எடுக்கல.

அது என் வீட்டுக்காரி சார்.

சிரிக்காதீங்க, நெசமாத்தான். நடிகையும் இல்ல, மாடலும் இல்ல. வீட்ல இருக்கறவ. இப்ப வீட்ல இல்ல, அது வேற விஷயம். கோயில்பட்டியில அவ அண்ணன் வீட்ல இருக்கா. நான் அங்கதான் போறேன், கூட்டிட்டு வர. இந்தப் பார்சல் அவளுக்குத்தான். கொஞ்சம் காலத் தள்ளி வச்சுக்கங்க, உள்ள கண்ணாடி ஃப்ரேம். இதக் கொண்டாந்து குடுத்தா வர்றேன்னு சொல்லியிருக்கா. நகை கேக்கல, தனிக்குடித்தனம் கேக்கல. ஒரு போட்டோ. ஒரு போட்டோவுக்காக ஒரு பொம்பள ஆறு மாசமா புருஷன்கிட்டப் பேசாம இருப்பாளா? நீங்களே சொல்லுங்க.

என் பேரு குணசீலன். விளம்பரத்துக்கு டிசைன் பண்றேன், மதுரையில ஆபீஸ். படிச்சது கும்பகோணத்துல ஓவியம். பொழைக்கறது ஆடித் தள்ளுபடி, ஸ்கூல் அட்மிஷன், பல் ஆஸ்பத்திரி. இருவது வருஷமா சட்டை, சேலை, பல்லு, இதத்தான் பளபளன்னு ஆக்கிக்கிட்டு இருக்கேன். அப்படி இருக்கறப்பத்தான் ராஜாமணி அண்ணாச்சி வந்தாரு. சாத்தூர்ல சோடா கம்பெனி வச்சிருக்காரு. நம்ம பஸ்ஸு அவர் கம்பெனி வாசல் வழியாத்தான் போகும், காட்டுறேன்.

"தம்பி, பெரிய கம்பெனிக்காரன் கடைக்குக் கடை ஃப்ரிட்ஜக் குடுத்து மடக்கிட்டான். நம்ம பாட்டிலுக்கு உள்ள எடமில்ல, தரையில கெடக்கு. சனங்க வாயத் தொறந்து கேட்டு வாங்கணும். அதுக்கு ஒண்ணு பண்ணிக் குடு"ன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல. இப்படிப் பண்ணு, அப்படிப் பண்ணுன்னு தலையில ஏறி உக்காராத பார்ட்டி கெடைக்கறது எங்க தொழில்ல அபூர்வம் சார்.

எனக்கு அன்னைக்கே தோணிருச்சு. ஒலகத்துல பேர் போன ஓவியம் இருக்குல்ல, அதுக்குள்ள எல்லாம் நம்ம சோடாவக் கொண்டுபோயி வச்சிரணும். இத்தாலியில ஒரு அம்மா கையக் கட்டிக்கிட்டு சிரிச்சும் சிரிக்காம இருக்கும்ல? அந்தக் கையில ஒரு பாட்டில். இப்பத் தெரியுதா எதுக்குச் சிரிச்சான்னு. தலையில துணியக் கட்டிக்கிட்டு ஒரு பொண்ணு திரும்பிப் பாக்கும், காதுல ஒத்த முத்துத் தோடு. அந்த முத்த எடுத்துட்டு சோடா மூடியத் தொங்கவிட்டேன். பாலத்து மேல ஒருத்தன் ரெண்டு கன்னத்தையும் பிடிச்சுக்கிட்டுக் கத்துவான். அவனுக்கு மட்டும் பாட்டில் குடுக்கல. அதான் கத்துறான். அண்ணாச்சி அதப் பாத்துட்டுத் தொடையில அடிச்சுச் சிரிச்சாரு.

சிரிச்சு முடிச்சிட்டு ஒரு வார்த்த சொன்னாரு. "எல்லாம் நல்லாத்தாம் இருக்கு தம்பி. ஆனா இவுக யாரும் நம்ம சோடாவக் குடிக்கிற ஆளு மாதிரித் தெரியலயே. நடுவுல நம்மூருப் பொம்பள ஒருத்தி வேணும். தாய் மாதிரி. அவதான் பெருசா நிக்கணும். மத்ததெல்லாம் சுத்திச் சின்னச் சின்னதா இருக்கட்டும்."

தாய்னு சொன்னதும் எனக்கு அந்தப் படம்தான் நெனப்புக்கு வந்துச்சு. அம்மா மடியில குழந்தைய வச்சுக் குனிஞ்சு பாக்குற படம். வெளிநாட்டுல முன்னூறு நானூறு பேரு வரஞ்சிருப்பாங்க. எல்லாத்துலயும் அது மாதா, அது பாலன், சர்ச்சுல வச்சுக் கும்பிடுற படம். அப்ப அதுல கை வைக்கலாமா? வைக்கக் கூடாது. ஒருத்தர் மனசு புண்படுற மாதிரி ஒரு கோடுகூடப் போட மாட்டேன் சார், அதுல நான் ரொம்பக் கறார். அதனால அந்த நீலத் துணி, தலையச் சுத்துன வெளிச்சம் எல்லாத்தையும் எடுத்துட்டேன். உக்காந்திருக்கற விதம் மட்டும் போதும். குனிஞ்ச கழுத்து, ஏந்துன கை, மொகத்துல அந்தப் பார்வை. குழந்தை இருக்கற எடத்துல பாட்டில்.

மாடல் பொண்ணுங்க வந்தாங்க. நாலு பேரு. அழகுக்குக் கொறச்சல் இல்ல. ஆனா பாட்டிலக் குடுத்து, "பெத்த பிள்ளையப் பாக்குற மாதிரிப் பாரும்மா"ன்னா, பல்லக் காட்டுதுங்க. அது சிரிப்பு, பார்வை இல்ல. ஒருத்தி என்கிட்டயே கேட்டுட்டா, "சார், பாட்டிலப் பாத்து அப்படி எப்படி சார் சிரிக்கிறது?" கேட்டது நியாயம்தான். அப்பத்தான் அந்தப் போட்டோ ஞாபகம் வந்துச்சு.

எங்களுக்கு ஒரு பாப்பா இருந்துச்சு. தாரணி. ஒண்ணேகால் வயசுல தவறிருச்சு. மூளைக்காய்ச்சல்னாங்க, நாலு நாள்தான். பங்குனி மாசம். அதப் பத்தி வேணாம் சார்.

அதுக்கு முந்துன கார்த்திகையில கோயில்பட்டியில வச்சு மொட்டை போட்டுக் காது குத்துனோம். தாய்மாமன் மடியில வச்சுக் குத்துனதும் வீல்னு ஒரு கத்து. செண்பகம் ஓடிப்போய்ப் பறிச்ச மாதிரி வாங்கிக்கிட்டா. செண்பகவல்லின்னு பேரு என் வீட்டுக்காரிக்கு. தூணோரமா உக்காந்து மடியில போட்டு ஆட்டுனா. என்ன சொன்னாளோ தெரியல, கத்திக்கிட்டிருந்த பிள்ள கண்ணுல தண்ணியோட பொக்குன்னு சிரிச்சிருச்சு. அதப் பாத்து இவளும் சிரிச்சா. நான் கேமராவ வச்சுக்கிட்டு நின்னேன். ஒரே ஒரு கிளிக். மஞ்சச் சேலை, மொட்டைத் தலையில சந்தனம், சன்னல் வழியா விழுற வெளிச்சம். நானூறு வருஷத்து ஓவியக்காரன் ஒருத்தனும் அப்படி வரஞ்சதில்ல. பொண்டாட்டிங்கறதுக்காகச் சொல்லல, தொழில்காரனாச் சொல்றேன்.

அத ஆபீஸ் கம்ப்யூட்டர்ல தொறந்தேன். என் கண்ணு நேராப் போனது அவ கைக்குத்தான். என்ன ஏந்தல்! பாட்டில் அப்படியே உக்காரும்.

ஆனா லேசுப்பட்ட வேல இல்ல சார் அது. ஜனங்களுக்குத் தெரியாது, ஒண்ண எடுத்துட்டு ஒண்ண வைக்கறதுன்னா ஏதோ பட்டனத் தட்டுறதுன்னு நெனைக்கறாங்க. பாப்பாவ எடுத்தா அங்க ஒரு ஓட்டை விழும். அந்த எடத்துல சேலை மடிப்ப நாமதான் உண்டாக்கணும். தலைய எடுத்தேன், சந்தனம் அவ முந்தானையில ஒட்டியிருந்துச்சு, அதத் தொடச்சேன். கால எடுத்தேன், கொலுச எடுத்தேன். கடைசியில பாப்பா கைதான் மிச்சம். வலது கை அவ தாலிச் செயினப் பிடிச்சிருந்துச்சு, கெட்டியா. ஒவ்வொரு வெரலா எடுத்தேன். கட்டை வெரலுக்கு மட்டும் ஒரு பகல் பூராப் போச்சு. எடுக்க எடுக்கத் தங்கம் மங்கலாவுது, விட்டா வெரல் நிழல் தெரியுது. அன்னைக்குச் சோறு எறங்கல. பித்தமா இருக்கும்னு நெனச்சேன்.

அண்ணாச்சி வந்து பாத்தாரு. கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. "தம்பி, இது சோடா இல்லய்யா, சாமி"ன்னாரு. அங்கனயே 'வயிறு குளிரும்'னு எழுதுனேன். பெத்த வயிறு குளிருதுன்னு நம்ம பக்கம் சொல்லுவோம்ல? சோடாவுக்கும் பொருந்துது. அமைஞ்சுபோச்சு சார் எல்லாம்.

செண்பகத்துக்கிட்டச் சொன்னியான்னு கேக்கறீங்களா? எப்படிச் சொல்றது? பாப்பா போனதுல இருந்து அவ வீட்ல ஒரு வார்த்த, ரெண்டு வார்த்ததான். சோத்தப் போடுவா, போயி மொகத்தச் செவத்துப் பக்கம் திருப்பிப் படுத்துக்குவா. சிரிப்புங்கறதே இல்ல. தான் சிரிச்ச மொகத்த ஒரு நாள் ரோட்ல பெருசாப் பாத்தான்னா, அட, நானான்னு ஒரு உசுரு வரும்ல? அப்படித்தான் நெனச்சேன். எந்தப் புருஷன் பொண்டாட்டி மொகத்த ரெண்டு மாடி ஒசரத்துக்கு வச்சுப் பாத்திருக்கான்? சர்ப்ரைஸா இருக்கட்டும்னு விட்டேன்.

இது சாத்தூர், பொழுதும் எறங்கிருச்சு. அந்தா, அந்த நீல கேட்டுதான் அண்ணாச்சி கம்பெனி. தங்கமான மனுசன்.

பாப்பா தவறி மொத வருஷம் வந்துச்சு. கோயில்பட்டியில வச்சு நாலு பேருக்குச் சாப்பாடு போடணும்னு சொல்லி அவ முன்னாடியே போயிட்டா. எனக்கு வேல, மறுநாள் வர்றதாச் சொல்லியிருந்தேன். பஸ் ஸ்டாண்டுல எறங்கியிருக்கா. எதுத்தாப்ல போர்டு. அன்னைக்குக் காலையிலதான் ஏத்துனாங்களாம், சாரம்கூடப் பிரிக்கல. அவ தெருக்காரி ஒருத்தி, காதுகுத்துக்கு வந்து சாப்பிட்டவதான், பாத்துட்டு, "ஏ செண்பகம், இது அன்னைக்கு எடுத்த படம்லா? பிள்ளைய எங்கட்டி?"ன்னு கேட்டிருக்கா. ஊருல நாக்குக்கு எலும்பு இருக்கா என்ன?

ஒடனே எனக்குப் போன் போட்டா. அவளா எனக்குப் போன் போட்டு எத்தன மாசம் ஆச்சு, எனக்குச் சந்தோஷம். "பாத்தியா? எப்படி இருக்கு?"ன்னேன்.

"என்னங்க, பாப்பா எங்க?"ன்னா.

"எடுத்துட்டேன்மா, அங்கதான பாட்டில் வரணும்"னேன். "தாலிச் செயின் பக்கம் ஒண்ணும் தெரியலயே? அங்கதான் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்"னு கேட்டேன்.

போன வச்சிட்டாளோன்னு நெனச்சேன். வைக்கல, பஸ் ஸ்டாண்டுச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. கொஞ்ச நேரம் பாத்துட்டு நான்தான் வச்சேன், மீட்டிங் இருந்துச்சு.

அம்புட்டுத்தான் சார் நடந்தது. அதுல இருந்து மதுரைக்கு வரல. மறுநாள் நான் போறேன், மொகத்தக் குடுத்துப் பேசல. அவ அண்ணன் வேலாயுதம் தனியாக் கூட்டிட்டுப் போயி, "மச்சான், அவ ஒண்ணும் கேக்கல. அந்தப் போட்டோ, பிள்ளையோட இருந்தது, அத மட்டும் குடுத்துருங்க. போர்டு இருந்தா இருந்துட்டுப் போகட்டுங்கா"ன்னான். இதென்ன பெரிய விஷயம், நாளைக்கே பிரிண்ட் போட்டு அனுப்புறேன்னு சொல்லிட்டு வந்தேன்.

வந்து பாத்தா, இல்ல.

எங்க தொழில்ல ஒண்ணு உண்டு சார். ஒரிஜினல்ல கை வைக்கக் கூடாது. காப்பி எடுத்து வச்சுக்கிட்டு அதுலதான் வேல பாக்கணும். புதுசாச் சேர்றவங்களுக்கு மொத நாள் நான் சொல்லிக் குடுக்கறதே அதுதான். அந்த வாரம் ஆபீஸ்ல கரண்டு போயிப் போயி வந்துச்சு. ஒரு தடவ பாதி வேல அழிஞ்சுபோச்சு. அந்த வெறுப்புல ஒரு மடிப்புப் போட்டா சேவ், ஒரு வெரல எடுத்தா சேவ். காப்பியில போடுறேனா, ஒரிஜினல்ல போடுறேனான்னு யாரு பாத்தா? கை அதுபாட்டுக்கு அமுக்கிருச்சு. அமுக்க அமுக்க, பழசு மேலயே புதுசு விழுந்திருக்கு. கேமரா கார்டத் தேடுனேன், அத அப்பவே அழிச்சிட்டு ஜவுளிக்கடை வேலைக்கு எடுத்திருக்கோம். ஆக, கரண்டு ஆபீஸ்காரன் பண்ணுன வேலைக்கு நான் பொண்டாட்டிகிட்டக் கெட்ட பேரு வாங்கறேன்.

வேற போட்டோ இல்லாம இல்ல. போன்ல நெறைய இருக்கு. எல்லாத்தையும் பிரிண்ட் போட்டு அனுப்புனேன், திருப்பி அனுப்பிட்டா. அதுதான் வேணுமாம். இடையில அண்ணாச்சி வேற, யாவாரம் பிச்சுக்கிட்டுப் போகுதுங்கற சந்தோஷத்துல, "தங்கச்சிக்கு என் மரியாதை"ன்னு சொல்லி கோயில்பட்டி வீட்டுக்கு ரெண்டு பெட்டி சோடா அனுப்பி வச்சாரு. அட்ரஸ் நான்தான் குடுத்தேன். அப்படியே திரும்பி வந்துச்சு, ஒரு பாட்டிலக்கூடத் தொடல. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அண்ணாச்சியப் பாக்கறது?

எனக்கும் பிள்ளைதான சார் அது? நான் அழலங்கறது அவளுக்குக் கோவம். ரெண்டு பேரும் உக்காந்து அழுதா ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போடறது யாரு? வண்டி பிடிக்கறது யாரு? துணியில சுத்தி நான்தான் கையில தூக்கிட்டுப் போனேன். மண்ணத் தள்ளுறப்பவும் பக்கத்துல நான்தான் நின்னேன். பொம்பளைங்களுக்கு வீட்ல நின்னு அழுதுக்க ஒரு எடம் இருக்கு. எனக்கு யாரு எடம் குடுத்தா? மறுவாரம் பல் ஆஸ்பத்திரி விளம்பரம் இருந்துச்சு, போயி உக்காந்துட்டேன்.

சரி, அத விடுங்க. வழியில்லாமயா போயிரும்? கம்ப்யூட்டர்ல இப்ப ஒரு வசதி வந்திருக்கு. என்ன வேணும்னு எழுதிக் குடுத்தாப் போதும், அதுவே படத்த உண்டாக்கிக் குடுத்துரும். எழுதுனேன். ஒரு வயசுப் பொம்பளப் பிள்ள, தமிழ்க் குழந்தை, மொட்டைத் தலை, சந்தனம், கண்ணுல தண்ணி, அம்மா மடியில படுத்துச் சிரிக்குது. எத்தனையோ குடுத்துச்சு. ஒவ்வொண்ணாப் பாத்துக் கழிச்சு, ஒண்ண எடுத்தேன். போர்டுல இருக்கற அவ படத்துல இருந்து பாட்டில எடுத்துட்டு, அந்த எடத்துல இந்தப் பிள்ளைய வச்சேன். தாலிச் செயின்ல வெரலத் திரும்பக் கொண்டுவந்து கோத்தேன். என் வேலையிலயே பெரிய வேல இதுதான் சார்.

எங்க பாப்பாவுக்கு எடது காது லேசா முன்னால வளஞ்சிருக்கும். எப்பவும் அந்தப் பக்கமே படுத்துப் படுத்து அப்படி ஆயிருச்சு. செண்பகம் குளிப்பாட்டுறப்ப எண்ணெயத் தொட்டு அதப் பின்னால தள்ளித் தள்ளி விடுவா. இதுல காது சரியா வந்திருக்கு. வளச்சு விடலாமான்னு பாத்தேன். நல்லா இருக்கறதக் கெடுக்க மனசு வரல.

அவளுக்குச் சொல்லல. ஒரிஜினல் கெடச்சிருச்சுன்னுதான் வேலாயுதத்துக்கிட்டச் சொன்னேன். அவன் செண்பகத்துக்கிட்டப் போனக் குடுத்தான். "நெசமாவா?"ன்னு கேட்டா. குரல் அப்படியே பழைய குரல் சார். "கொண்டாங்க, நான் வந்துர்றேன்"னா.

இருங்க, உங்களுக்குப் பிரிச்சே காட்டுறேன். கட்டுன நூல அவுத்தாப் போதும். பாருங்க. நல்லாப் பாருங்க. எங்கயாவது ஒட்டு தெரியுதா? வெரல் பக்கம் பாருங்க. தெரியலல்ல? எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது.

என்ன சொன்னீங்க?

என் சாடையா?

இல்ல சார். பாப்பா செண்பகத்த உரிச்சு வச்ச மாதிரி இருக்கும். பாக்கறவங்க எல்லாம் அதத்தான் சொல்லுவாங்க. என் சாடைன்னு இதுவரைக்கும் ஒருத்தர் சொன்னதில்ல. நெத்தி அவ நெத்தி. மூக்கு... மூக்கு எப்படி இருக்கும்னா... இருங்க சொல்றேன். கண்ண மூடிக்கிட்டாச் சொல்லிருவேன். இல்ல, இது வருது. கண்ண மூடுனா இந்தப் பிள்ளதான் வருது. பத்து நாளா இதையே உத்து உத்துப் பாத்திருக்கேன்ல, அதான். போன வாரம் வரைக்கும் அது மொகம் வந்துச்சு சார். சத்தியமா வந்துச்சு. போன்ல இருக்கும், இருங்க... அதுல எல்லாம் முடியோட இருக்கு, இது வேற. அந்தச் சிரிப்புல மூக்கு சுருங்கும். சுருங்குமா? சுருங்கும்னுதான் நெனைக்கறேன். அவளக் கேட்டாச் சொல்லுவா. அவகிட்ட எப்படிக் கேக்கறது?

கோயில்பட்டியா? அதுக்குள்ளயா?

அந்தா நிக்கிறா சார். டீக்கடைக்குப் பக்கத்துல, பச்சச் சேலை. வாசலத் தாண்டி வர மாட்டேங்கறான்னு வேலாயுதம் சொன்னான், பஸ் ஸ்டாண்டுக்கே வந்திருக்கா. தலை சீவிப் பூ வச்சிருக்கா. கையில சூட்கேஸ். வீட்டுக்குப் போயி ஒரு வாய்க் காப்பிகூட வேணாம், இப்படியே மதுரைக்கு வண்டி ஏறிரலாம்னு வந்திருக்கா.

இல்ல, எறங்கல. கொஞ்சம் உங்க பைய இப்படி நிமித்தி வைங்க, நான் குனிஞ்சுக்கறேன். இந்த வெளிச்சம் சரியில்ல சார். டியூப்லைட்ல கலர் வேற மாதிரி அடிக்கும், தோல் பச்சையாத் தெரியும். பகல் வெளிச்சத்துலதான் இதக் குடுக்கணும். இன்னொரு நாள் வர்றேன். கண்டக்டர், திருநெல்வேலிக்கு ஒண்ணு குடுங்க. ஆமா, எனக்குத்தான்.

வண்டி கெளம்புதா? சார், நீங்க பாத்துச் சொல்லுங்க. ஒவ்வொரு சன்னலாப் பாக்குறாளா? அந்த சூட்கேஸக் கீழ வச்சிட்டாளா, கையிலயே வச்சுக்கிட்டு நிக்கிறாளா?